என் முட்டிக்குத் தோதான கடற்கரை

எனக்கு எழுபத்தாறு வயது. நாலு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். மூத்தவன் பூனாவில், சாங்விப் பக்கம் இதே கட்டடத்தில், எங்கள் வீட்டுக்கு இரண்டு மாடி மேலே இருக்கிறான். அடுத்தவள் தாம்பரத்தில் வாழ்க்கைப்பட்டவள். மூன்றாமவனுக்குக் கப்பலில் வேலை. அவன் இந்தக் கதையில் வரமாட்டான், எதிலுமே வரமாட்டான். நாலாவது ஒரு பெண். அவளுக்கு நாற்பத்தைந்து ஆகிறது. கல்யாணம் அமையவில்லை. ஏன் என்று கேட்காத ஆளில்லை, அதை நான் இங்கே எழுதப் போவதுமில்லை. அவளும் நானும் ஒரே வீட்டில் இருக்கிறோம். அவள் தளேகாவில் ஒரு ஃபாக்டரியில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை செய்கிறாள். காலையில் தாபோடி ஸ்டேஷனில் லோக்கல் பிடித்தால் இருட்டிய பிறகுதான் வருவாள்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்து மெதுவாகத்தான் வரும். ஆனாலும் இதை நானேதான் எழுதுகிறேன். யாரும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தரவில்லை.

போன கார்த்திகையில் ஒருநாள் சாப்பிடும்போது சின்னவள் ஆரம்பித்தாள்.

“அம்மா, நான் சர்ஃபிங் கத்துக்கப் போறேன்.”

“அப்படின்னா?”

“கடல்ல பலகை மேல ஏறி நின்னுக்கிட்டு அலையோட கரைக்கு வர்றது.”

“கரைக்கு வரணும்னா ஏம்ட்டி உள்ள போற? கரையிலயே நின்னுக்கோயேன்.”

அவள் சிரிக்கவில்லை. ரசத்தை ஊற்றிக்கொண்டு சாப்பிட்டாள். அவள் சிரிக்காவிட்டால் விஷயம் பெரிது என்று எனக்குத் தெரியும்.

இது திடீரென்று வந்த கிறுக்கு இல்லை. இரண்டு மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு முதுகுவலி வந்தது. டாக்டர் நீச்சல் அடிக்கச் சொன்னார். முனிசிபாலிட்டி நீச்சல் குளத்தில் பெண்களுக்கென்று தனி நேரம் உண்டு. அங்கே போய்த் தண்ணீரைப் பார்த்து நடுங்கிக்கொண்டு நின்றவள், ஒரு வருஷத்தில் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் போய்வரப் பழகிவிட்டாள். அதன்பிறகு போனில் எந்நேரமும் அலைதான். வெள்ளைக்காரப் பெண்களும் கறுத்த பையன்களும் பலகையில் நின்று வருவார்கள். நான் பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டு இருப்பேன். சும்மா பார்க்கிறாள் என்று நினைத்தேன். மனதில் போட்டு வைத்துக்கொண்டு பார்த்திருக்கிறாள்.

அவள் ஃபாக்டரியில் தை மாதம் ஒரு வாரம் மெஷின்களைப் பிரித்து மாட்டுவதற்காக மூடுவார்கள். அவளுடைய பிரிவுக்கு மொத்தமாக லீவு கிடைப்பது அப்போது மட்டும்தான்.

“இந்த வாரத்த விட்டா இன்னும் ஒரு வருசம்மா. அதுவரைக்கும் என் முதுகு கேக்குமோ என்னமோ. ஒரே ஒரு தடவ எந்திரிச்சு நின்னுரணும். அவ்வளவுதான்” என்றாள்.

இந்த வீட்டில் அவள் தனக்கென்று வாய் திறந்து கேட்டது எனக்கு ஞாபகம் இல்லை. சரி, போயிட்டு வா என்றேன். என் வரைக்கும் பேச்சு அங்கேயே முடிந்துவிட்டது. எந்த ஊர் என்று முடிவு பண்ணினால் போதும். ஒரு வாரத்துக்கு ஒரு கடற்கரை. அதைத் தேடுவதற்குள் இந்தக் குடும்பம் என் உயிரை எடுத்துவிட்டது.

எல்லாக் கடலும் கடல்தானே என்று நானும் முதலில் கேட்டேன். இல்லையாம். கற்றுக்கொள்கிறவர்களுக்கு அடியில் பாறை கூடாது, மணல் வேண்டும். அலை தூரத்திலேயே உடைந்து, வெறும் நுரையாக நெடுநேரம் ஓடி வர வேண்டும். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று பழக வேண்டும். சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும், வெயிலும் வேண்டும். பொறுமையாகச் சொன்னாள். எனக்கு விளங்கியது. எனக்கு விளங்கினது, படித்து உத்தியோகம் பார்த்து ரிட்டயர் ஆன என் மூத்தவனுக்குக் கடைசி வரைக்கும் விளங்கவில்லை.

அவனிடம் நான்தான் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியுமா, தலைக்கு மேலே இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை காலையில் பெண்சாதியோடு இறங்கி வந்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு, கல்யாணத்துக்கு மண்டபம் பார்க்கிறவன் மாதிரி உட்கார்ந்தான்.

“எந்த ஊருட்டி பாத்திருக்க?” என்று தங்கச்சியைக் கேட்டான்.

“கோவால பழக்குறாங்கண்ணே. பஸ்ஸுல ஒரு ராத்திரிதான்.”

“கோவாவா? அங்க போறவன்லாம் எதுக்குப் போறான்னு ஊருக்கே தெரியும். நாளைக்கு நாலு பேரு கேட்டா நான் என்னன்னு சொல்ல?”

“பலகை மேல நிக்கப் போயிருக்கான்னு சொல்லுங்க” என்றாள்.

“அத நம்புவானா ஒருத்தன்?”

மருமகளுக்கு ஒரு யோசனை வந்தது. எந்தப் பேச்சிலும் அவளுக்கு ஒரு யோசனை வந்துவிடும். “கணபதிபுளே போலாமே. கடல் பக்கத்துலயே பிள்ளையார். தரிசனமும் ஆச்சு. ரூமும் சுத்தமா இருக்கும், அத்தைக்கு ஏத்த மாதிரி வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கு.”

“அண்ணி, அங்க கடல் இழுக்கும். குளிக்கவே இறங்காதீங்கன்னு போர்டு வச்சிருக்காங்க.”

“அப்ப இறங்காத. பாத்துட்டு வா.”

என் பெண் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு மராட்டிக்காரி, நாங்கள் காக்கு என்று கூப்பிடுகிறவள், தயிர் உறை கேட்டு வந்தாள். கடற்கரை என்று காதில் விழுந்ததும் அவளும் உட்கார்ந்துவிட்டாள். அலிபாக் போங்கள், காஷித் போங்கள், அங்கே ஒட்டகச் சவாரி உண்டு, ஆச்சியை ஒட்டகத்தில் ஏற்றலாம் என்று இந்தியில் சொல்லி என் தொடையில் தட்டினாள். பலகை மேல் நிற்கப் போகிறவள் ஒருத்தி, ஒட்டகத்தில் ஏறப் போகிறவள் நானா? அப்போதே எனக்கு ஒன்று உறைத்திருக்க வேண்டும். தயிர் எடுக்க எழுந்து போனதில் அதை விட்டுவிட்டேன்.

அன்று சாயங்காலம் தாம்பரத்துக்காரி போனில் முகத்தைக் காட்டினாள். அண்ணன் சொல்லியிருக்கிறான்.

“ஏன் அங்கயும் இங்கயும் அலையணும்? எங்க வீட்டுக்கு வாங்க. கோவளம் ஒரு மணி நேரம். அங்க மீன்காரப் பசங்களே கத்துத் தர்றாங்களாம். அம்மாவும் எங்கூட இருந்த மாதிரி இருக்கும்.”

சின்னவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. “நெசமாவாக்கா? காலைல ஆறு மணிக்கே போகணும், ரெண்டு வேளையும் பழகணும்.”

“போலாம் போலாம். ஆனா அந்த வாரம்தான் இவுங்க சித்தப்பா மகனுக்குக் கல்யாணம். நிச்சயத்துக்கே நம்ம பக்கத்துலருந்து யாரும் வரலன்னு கொற. நீங்க வந்துட்டா எனக்கும் கௌரவம். முத நாள் பொண்ணழைப்பு, மறுநாள் முகூர்த்தம், அதுக்கடுத்து மறுவீடு. நடுவுல ஒரு நாள் கடலுக்குப் போயிட்டு வந்துரலாம். பட்டுச்சேல கொண்டு வாட்டி, போன தடவ மாதிரி காட்டன் கட்டிக்கிட்டு நிக்காத.”

சின்னவள் போனை என் கையில் கொடுத்துவிட்டு மொட்டைமாடிக்குத் துணி எடுக்கப் போய்விட்டாள். துணி அன்று காயவே போடவில்லை.

இதற்கெல்லாம் மேலே மூத்தவனுக்கு வந்த யோசனை. புதன்கிழமையோ வியாழக்கிழமையோ, மூச்சிரைக்க இறங்கி வந்தான். லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்கவில்லை.

“அம்மா, கண்டுபிடிச்சிட்டேன். மணப்பாடு!”

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். தவறிப்போன என் வீட்டுக்காரருக்கு உடன்குடிப் பக்கம். எங்கள் சாஸ்தா கோயிலும் அங்கேதான். மணப்பாடு அங்கிருந்து கூப்பிடு தூரம், கடற்கரை ஊர். அங்கே அலையில் பலகை விடுகிறார்கள் என்று எவனோ போட்ட வீடியோவைப் பார்த்திருக்கிறான்.

“கடலுக்குக் கடலும் ஆச்சு, கோயிலுக்குக் கோயிலும் ஆச்சு. எம் பேரனுக்கு மொட்ட இன்னும் பாக்கி கெடக்கு. காதும் குத்திரலாம். இவ காலைல அலையில ஆடிட்டு பதினோரு மணிக்குப் பொங்கப் பானைக்கு வந்துரட்டும்.”

எங்கள் ஆட்களின் குணம் இது. பூனாவில் ஐம்பது வருஷம் இருந்தாலும் தெற்கே போகிற ரயிலில் ஒருத்தன் ஏறப்போகிறான் என்று தெரிந்தால், அவன் தலையில் ஒரு மொட்டை, ஒரு காதுகுத்து, ஒரு கல்யாணப் பத்திரிகை, ஒரு நேர்த்திக்கடன் என்று ஏற்றிவிடுவார்கள். சும்மா ஒரு ஊருக்குச் சும்மா போய்விட்டு வருவது என்பது எங்களுக்குத் தெரியாத காரியம். ஊருக்குப் போய்க் கோயிலுக்குப் போகாமல் வந்தால் பின்னால் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அதுதான் காரணம் என்பார்கள்.

“அண்ணே, மணப்பாட்டு அலை தெரிஞ்சவங்களுக்கு. பாறை இருக்கு. எனக்கு இன்னும் படுக்கக்கூடத் தெரியாது பலகையில” என்றாள் சின்னவள்.

“அலைன்னா அலைதானட்டி. நம்மூர்க் கடல்ல இல்லாத அலையா?”

“ஒரு நாள் ரெண்டு நாள்ல வராதுண்ணே. ஏழு நாளும் பழகணும்.”

“கோயில்ல ரெண்டு நாள்தான. மிச்சம் பூராவும் உனக்குத்தான். நடுவுல திருச்செந்தூரு. அவ்வளவுதான்.”

போனில் ஒரு குரூப் ஆரம்பித்தான். அதற்கு ‘அலையும் அருளும்’ என்று பெயர் வைத்தான். அதில் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. யாரோ சமையல்காரருக்கு முன்பணம் கொடுக்கவா என்று கேட்டார்கள். யாரோ வேனில் அம்மாவுக்கு முன் சீட்டு வேண்டும், முட்டி மடக்க முடியாது என்று எழுதினார்கள். சின்னவள் அதில் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. ‘சரி’ என்றும் இல்லை, ‘முடியாது’ என்றும் இல்லை. எனக்கு அண்ணன்காரன்மேல் வந்த எரிச்சலைவிட இவள்மேல்தான் அதிகம் வந்தது. வாயில் என்ன கொழுக்கட்டையா? ஃபாக்டரியில் தப்பான சாமான் வந்தால் லாரியோடு திருப்பி அனுப்புகிறவள் இவள். வீட்டில் வந்தால் ஊமை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் அவளும் உட்கார்ந்து அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தோம். நேராகக் கேட்டுவிட்டேன்.

“அவன் சொல்லுதது, இவ சொல்லுதது எல்லாம் கெடக்கட்டும். உனக்கு எந்த ஊரு வேணும்?”

“விடும்மா.”

“சொல்லுட்டி.”

“வெலிகம.”

“அது எங்கன இருக்கு?”

“சிலோன்ல. தெக்குக் கடற்கரை. வளைஞ்சு கெடக்கும். பூரா மணல். தை மாசம் அங்க அலை சாதுவா இருக்கும். என்ன மாதிரி ஒண்ணும் தெரியாதவங்கதான் அங்க போறது. வயசானவங்ககூட வர்றாங்க.”

ஊரைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். பாதி உரித்த அவரைக்காய் கையிலேயே நின்றது.

“பொறவு என்ன? அங்கயே போக வேண்டியதுதான. உங்கிட்டப் பாஸ்போர்ட்டு இருக்குல்லா?”

இருந்தது. ஃபாக்டரியில் எப்போதோ ஜெர்மனிக்குப் பயிற்சிக்கு அனுப்புவதாகச் சொல்லி எடுக்க வைத்தார்கள். அனுப்பவில்லை.

“எங்கிட்ட இருக்கு. உங்கிட்ட இல்லையே.”

“எனக்கு எதுக்குட்டி?”

அவள் அடுத்த காயை எடுத்தாள். எனக்கு அப்போதுதான் ஒவ்வொன்றாக உறைத்தது. வெஸ்டர்ன் டாய்லெட் யாருக்கு? ஒட்டகம் யாருக்கு? வேனில் முன் சீட்டு யாருக்கு? வர்க்கலை என்று ஒரு ஊர் பேச்சில் வந்து, கடலுக்கு இறங்கப் படி அதிகம் என்று தள்ளிவிட்டார்கள். யார் படி இறங்கப் போகிறார்கள் என்று நான் கேட்கவே இல்லை. என்னை மதித்து என் முன்னால் வைத்துப் பேசுகிறார்கள் என்று நான் பெருமையாக உட்கார்ந்திருந்தேன். அவர்கள் என் முட்டிக்குக் கடற்கரை பார்த்திருக்கிறார்கள்.

“நான் எங்கட்டி வாரேன்னு சொன்னேன்?”

“நீ அண்ணன் வீட்டுல ஒரு ராத்திரிகூடப் படுக்க மாட்டேம்ப. உன்னத் தனியா விட அண்ணன் ஒத்துக்க மாட்டான். போன வருசம் பாத்ரூம்ல விழுந்ததுலருந்து...”

“விழல. வழுக்குனேன்.”

“சரி, வழுக்குன. உன்ன எங்க விட்டுட்டுப் போக, சொல்லு?”

“விட்டுட்டுப் போறதுக்கு நான் என்ன குடையா?”

கோபத்தில் அவரைக்காய் முறம் சாய்ந்துவிட்டது. பொறுக்கி முடிப்பதற்குள் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு இல்லை. எனக்கு எரிச்சல்தான். நாலு பிள்ளைக்குச் சோறு போட்டு, ராத்திரி ஷிஃப்ட் போகிற புருஷனுக்கு வெந்நீர் வைத்து, மொழி தெரியாத ஊரில் வந்த புதிதில் கையைக் காட்டியே காய்கறி வாங்கியவள் நான். என்னை வைத்துக்கொண்டு என் வீட்டிலேயே எங்கே விட என்று யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். என்னைக் கேட்டால் என்ன?

அன்றைக்கே மேலே ஆள் அனுப்பி எல்லாரையும் வரச்சொன்னேன். மூத்தவன், மருமகள், காலேஜில் படிக்கிற அவர்கள் இளைய மகள் மூன்று பேரும் வந்தார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொன்னேன்.

“இவ சிலோனுக்குப் போறா. தனியா போறா. நான் எங்கயும் வரல. என் வீட்டுலதான் இருப்பேன்.”

மூத்தவன் சின்னவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். “ஒத்தப் பொம்பளய வெளிநாட்டுக்கு அனுப்புதியாம்மா?”

“ஒத்தப் பொம்பளதான் இருபது வருசமா தளேகாவுக்கு லோக்கல்ல தொங்கிட்டுப் போயிட்டு வாரா. அன்னைக்கெல்லாம் எங்கல போன நீ? வெளிநாடாம் வெளிநாடு. உங்க தாத்தாவுக்கு அண்ணன் கொழும்புல மளிகைக் கட வச்சிருந்தாரு. உடன்குடிக் கருப்பட்டி அங்க போச்சு, மனுசன் போகக்கூடாதா?”

“கோயில் காரியம்மா. மொட்டைக்கு எல்லாத்துக்கும் சொல்லியாச்சு. டிக்கெட்டு போட்டாச்சு.”

“மொட்ட யாருக்கு?”

“எம் பேரனுக்கு.”

“உம் பேரன் அலை மேல நிக்கணும்னு கேட்டானா? இல்லேல்லா? பங்குனி உத்திரத்துக்குக் கூட்டிட்டுப் போய் அடி. சாஸ்தா எங்கயும் போக மாட்டாரு. இவ ஃபாக்டரிதான் பங்குனியில மூடாது.”

“நீ தனியா இருந்து ராத்திரி ஒண்ணு ஆச்சுன்னா?”

“ரெண்டு மாடி மேல நீ என்னத்துக்கு இருக்க? ஏணி வேணுமா இறங்கி வர?”

அப்போது பேத்தி போனிலிருந்து தலையைத் தூக்கினாள். அவளுடைய தமிழ் பாதி இந்தி, பாதி மராட்டி. “டென்ஷன் நகோ, கவலப்படாதீங்க பப்பா. நான் ஆச்சிகூட கீழ தூங்கறேன். எனக்கும் மேல வைஃபை சரியில்ல.”

மூத்தவன் எழுந்தான். வாசல்வரை போய்த் திரும்பி வந்து, “அங்க சாப்பாடு பூராவும் மீனும் தேங்காயுமாத்தான் இருக்கும், பாத்துக்கோ” என்றான். அவனுக்கு விட்டுக்கொடுப்பது அப்படித்தான் வரும். ‘அலையும் அருளும்’ குரூப்பில் அலையை எடுத்துவிட்டு அருளை மட்டும் வைத்துக்கொண்டதாகப் பேத்தி பிறகு சொன்னாள்.

சரி, ஊர் முடிவாகிவிட்டது, இனிமேல் நிம்மதி என்று நினைத்தேன். இரண்டு நாள் ஆயிற்று, மூன்று நாள் ஆயிற்று, இவள் டிக்கெட் போடவில்லை. கேட்டால், மெஷின் மூடுகிற தேதி மாறலாம் என்றாள். இன்னொரு நாள், எனக்குப் பிரஷர் மாத்திரை யார் எடுத்துத் தருவார்கள் என்றாள். மாத்திரை டப்பா என் தலையணைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அடுத்த நாள், அங்கே எல்லாரும் சின்னப் பிள்ளைகள், நான் போய் விழுந்து எழுந்தால் சிரிப்பார்கள் என்றாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அண்ணன் மறித்தது, அக்கா மறித்தது, என் முட்டி மறித்தது எல்லாம் இவளுக்குக் கொஞ்சம் வசதியாகத்தான் இருந்திருக்கிறது. மறிக்க ஆள் இல்லை என்றதும் பயம் வந்துவிட்டது.

“சிரிச்சா சிரிக்கட்டும். உங்க அண்ணன் இங்கயே சிரிச்சிட்டான். அதவிடவா?” என்றேன்.

சனிக்கிழமை நானே அவளை ஆட்டோவில் ஏற்றிக் கேம்ப் கடைவீதிக்கு இழுத்துக்கொண்டு போனேன். தண்ணீரில் போட்டுக்கொள்ள உடம்போடு ஒட்டின முழுக்கைச் சட்டையும் கால்சட்டையும் வேண்டுமாம். பெரிய கடை. கண்ணாடிக் கதவு. விற்கிற பையன் என்னையும் பார்த்தான், அவளையும் பார்த்தான். அவள் நரையையும் பார்த்திருப்பான். இன்ன சட்டை என்று இவள் மெல்லச் சொன்னதும், “பச்சி கீ உமர் கித்னி ஹை, மேடம்?” என்றான். பிள்ளைக்கு என்ன வயசு என்கிறான். வாங்க வந்தது பேத்திக்கு என்று நினைத்துவிட்டான்.

இவள் “சும்மா பாக்கத்தான் வந்தோம்” என்று தமிழில் முனகிக்கொண்டு கதவுப் பக்கம் திரும்பிவிட்டாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

“யஹி ஹை பச்சி. பைந்தாலீஸ் கி ஹை” என்றேன். இதுதான் பிள்ளை, நாற்பத்தைந்து வயசு.

பையன் கெட்டிக்காரன். சிரிக்கவில்லை. “பஹுத் படியா”, ரொம்ப நல்லது என்று சொல்லிவிட்டு ஏணி போட்டு மேல் தட்டிலிருந்து எடுத்தான். கறுப்பில் ஒன்று, நீலத்தில் ஒன்று. அவள் மாட்டிப் பார்க்கப் போனவள் வெளியே வரவே இல்லை. கதவைத் தட்டினேன். கொஞ்சம் திறந்து காட்டினாள். நீல உடுப்பில், தோளும் கையுமாக, நீச்சலில் இறுகின உடம்போடு நின்றாள். என் பெண்ணை நான் அப்படிப் பார்த்ததில்லை. எப்போதும் துப்பட்டாவுக்கும் பைக்கும் நடுவில்தான் பார்த்திருக்கிறேன்.

“அசிங்கமா இருக்காம்மா?”

“மீனு மாதிரி இருக்க. வாங்கு, போவோம். எனக்குக் கால் வலிக்கு.”

வீட்டுக்கு வந்ததும் டிக்கெட் போட்டாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து, முடிந்ததா முடிந்ததா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

அவள் போய் இன்றைக்கு ஆறாவது நாள். என்னைப் பார்த்துக்கொள்ள வந்த பேத்தியைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். காலையில் அவளை எழுப்புவது நான். காபி போட்டுக் கொடுப்பது நான். அவள் தேடுகிற காதுக்கம்மலையும் சார்ஜரையும் கட்டிலுக்கடியிலிருந்து குச்சியால் தள்ளி எடுப்பதும் நான். மூத்தவன் காலையிலும் மாலையிலும் இறங்கி வந்து, “எல்லாம் சரியா இருக்கா?” என்று வாசலிலேயே நின்று கேட்டுவிட்டு, இருக்கிறது என்றால் ஏமாந்தவன் மாதிரி மேலே போகிறான். முதல் நாள் மருமகள் குழம்பு கொடுத்து அனுப்பினாள். உப்பு அதிகம். சொல்லவில்லை.

சின்னவள் தினமும் கூப்பிட்டாள். முதல் நாள் கரையிலேயே மணலில் பலகையைப் போட்டு, படுத்து எழுந்து படுத்து எழுந்து பழக்கினார்களாம். கடலுக்குள் விடவில்லை. “அதுக்கு இங்கயே நம்ம வீட்டுக் கூடத்துல செய்யலாமேட்டி” என்றேன். இரண்டாம் நாள் மூக்கு வழியாகக் கடல் போயிற்றாம். சொல்லிக்கொடுக்கிற பையன் கொஞ்சம் தமிழ் பேசுகிறானாம், அக்கா அக்கா என்கிறானாம். அடுத்த நாள் முட்டி போட்டு நின்றேன் என்றாள். அதற்கடுத்த நாளும் முட்டிதான். நேற்று குரலே சரியில்லை. கூட வந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்களாம், இவளை விட இருபது வயது இளையவர்கள். “எனக்கு வராதும்மா. நாளையோட முடிஞ்சிரும்” என்றாள். சாப்பிட்டாயா என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது? போனை வைத்த பிறகு எனக்கு எதிலும் மனசு ஓடவில்லை. பேத்தியைத் திட்டினேன், அவள் ஒன்றும் செய்யவில்லை.

இன்றைக்கு மத்தியானம் போன் வந்தது. முகம் காட்டுகிற போன். வெயிலில் கறுத்து, மூக்கு உரிந்து, தலைமுடியெல்லாம் உப்பில் விறைத்துக்கொண்டு, கண் இரண்டும் சிவந்துபோய் ஒருத்தி சத்தம் போட்டாள். யார் இவள் என்று ஒரு நிமிஷம் தெரியவில்லை.

“நின்னுட்டேம்மா! எந்திரிச்சு நின்னு, கரை வரைக்கும் வந்தேன்! வந்து மணல்ல இறங்கினேம்மா!”

“நெசமாவாட்டி? யாராவது போட்டோ எடுத்தாங்களா?”

“இல்ல. யாரும் எடுக்கல. பரவால்ல. ரெண்டாவது தடவ விழுந்துட்டேன். மூணாவது தடவ பாதி தூரம்.”

“நல்லா சாப்பிட்டியா? மூக்குல என்ன புண்ணு? தேங்கா எண்ண தடவு. உங்க அண்ணன் கேட்டான், திரும்பி வாற பிளேன்...”

“அம்மா, இரு, பொறவு பேசுதேன். அலை நல்லா வருது. சாயங்காலத்துக்குள்ள இன்னும் நாலு தடவ போகணும்.”

வைத்துவிட்டாள். நாற்பத்தைந்து வருஷத்தில் நான் பேசிக்கொண்டிருக்கும்போது அவள் பேச்சை வெட்டினது இதுதான் முதல் தடவை. எவ்வளவு திமிர். இரண்டு தடவை திருப்பி அடித்தேன், எடுக்கவில்லை. கடலுக்குள் இருப்பாள். இருக்கட்டும். பிறகு எழுந்துபோய் மூத்தவனுக்குக் கேட்கும்படி மாடிப்படியில் நின்று, நின்றுவிட்டாள் என்று சத்தமாகச் சொன்னேன். கதவு திறந்தது. “விழுந்தாளா?” என்றான். “நின்னுட்டான்னு சொல்லுதேன், காது கேக்கலியால?” என்றேன்.

அவள் வந்து ஆளாளுக்கு ஒன்று சொல்வதற்கு முன்னால் நடந்ததை நடந்தபடி எழுதி வைத்துவிட வேண்டும் என்றுதான் மத்தியானத்திலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். கை கடுக்கிறது. பேத்தி கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு போனைத் தடவிக்கொண்டிருக்கிறாள்.

ஏட்டி, அந்தப் போனைக் கீழே வைத்துவிட்டு இங்கே வா. இந்தத் தாள்களை எடுத்து முதலிலிருந்து சத்தமாக வாசி, கேட்போம். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய், வாசி. உன் அப்பாவைத் திட்டின இடம் வந்தால் விழுங்கிவிட்டுப் போகாதே.